சுவரில் இல்லாத எழுத்துகள்

நந்திதா ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வடிவங்கள்தான் வரைந்திருந்தாள். பிரிண்டர் துப்பிய தாளில் நான்காவது ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. போத்தனூர் வீட்டின் பின்னறையில், ஜங்ஷனில் சரக்கு வண்டிகளைக் கோக்கும் இரும்புச் சத்தம் விட்டுவிட்டு வந்து ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டிருக்க, அவள் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘த’ என்ற எழுத்து அந்தப் பத்தியில் பதினோரு இடத்தில் வந்திருந்தது. பத்து இடத்தில் அவள் வரைந்தது. பதினோராவது அவளுடையது இல்லை. அதன் சுழி அகலமாக இருந்தது. வால் கீழே இறங்குகிற இடத்தில் பிரஷ்ஷின் மயிர் இரண்டாகப் பிளந்து நடுவில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது. முடிவில் பிரஷ்ஷைத் தூக்கவில்லை, பிடுங்கியிருந்தார்கள். நிதானமான கை இல்லை அது.

கையால் எழுதியது போலத் தோன்ற வேண்டுமென்றால் ஒரே எழுத்து அடுத்தடுத்து ஒரே மாதிரி வரக் கூடாது. அச்சு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் மூன்று வடிவங்கள். தட்டச்சு செய்யச் செய்ய அவை தாமாகவே மாறிமாறி வந்து விழும். அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். ‘த’வுக்கு மூன்றுதான். திரும்ப அச்சடித்தாள். இப்போது இரண்டு இடத்தில் நான்காவது இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள். லேசர் பிரிண்டரில் ஈரமே கிடையாது. ஆனால் விரல் கறுத்தது. மூக்கருகில் கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் கலந்த பெயின்ட் வாடை.

அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் கருமத்தம்பட்டியில் மாமனார் தனபால் பழைய விசைத்தறிகளை இரும்புக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனைக் காலி செய்தார். பல வருடமாக அசையாமல் கிடந்த கடைசி வரிசைத் துணி மூட்டைகளை நகர்த்தியபோது அந்தச் சுவர் தெரிந்தது. மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயர் போடுகிற தட்டை பிரஷ்ஷால், அதே கறுப்புப் பெயின்டால், தரையிலிருந்து ஆள் கை எட்டும் உயரம்வரை எழுத்து. ஈரோடு. சேலம். கரூர். பவானி. கோபி. கொச்சி. பம்பாய். மறுபடியும் ஈரோடு. ஒன்றின் மேல் ஒன்று, சில இடங்களில் விரலளவு, சில இடங்களில் ஒரு முழம். நந்திதா தன் தொழிலில் அவ்வளவு உயிருள்ள எழுத்தைப் பார்த்ததே இல்லை. யார் எழுதியது என்று கேட்டாள். மூட்டைக்கு மார்க் போடப் பழகியவர்கள் கிறுக்கியது, அதைப் போய்ப் பார்த்துக்கொண்டு என்று தனபால் சிரித்தார். அவள் இருநூறு படம் எடுத்தாள். அடுத்த வாரம் போனபோது சுவரில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அத்தனை வருடம் யாரும் அடிக்காத சுண்ணாம்பை ஒரே வாரத்தில் ஏன் அடித்தார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவைத்தாள். அவளுக்கு வேண்டியது கேமராவில் இருந்தது.

சுவரில் இருந்தவை மொத்தம் பத்தொன்பது எழுத்துகள். மீதி எல்லாவற்றையும் அவளே வரைந்தாள். அந்தக் கை ‘ற’ எழுதியிருந்தால் எங்கே அழுத்தியிருக்கும், ‘தி’ எழுதியிருந்தால் எங்கே திரும்பியிருக்கும் என்று ஒரு வருடம் அந்தக் கையாகவே இருந்து பார்த்தாள். சில நாள் தோள்பட்டை வேறு யாருடையதோ போல வலித்தது. எழுத்துரு செய்கிறவர்கள் ஓட்டை விட்டுவைப்பதில்லை. ஓர் எழுத்து விடாமல் முடித்து, ‘முரடு’ என்று பெயர் வைத்து வெளியிட்டாள். ஆறு மாதத்தில் கோயம்புத்தூரில் அது ஏறாத பலகை இல்லை. பேக்கரி, பிரியாணிக் கடை, கல்யாண ஃப்ளெக்ஸ், பனியன், கல்லூரி விழா. அந்த எழுத்தில் ஒரு வேகம் இருக்கிறது என்றார்கள். ஒரு கோபம் இருக்கிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு விரலைத் துடைத்தாள். மை போகவில்லை.

வீட்டில் சத்தமில்லை. மகள் கனிஷ்கா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இப்படி இருக்காது. பத்தொன்பது வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், குளியலறையில்கூடப் பாட்டு வேண்டும் அவளுக்கு. எட்டு நாளாக அவள் கருமத்தம்பட்டியில் தாத்தா வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்பதைவிட வைத்திருக்கிறார்கள் என்பதே சரி. கூடப் படிக்கிற ஒருவனோடு பேசிக்கொண்டிருந்ததை அவளுடைய ஃபோனில் பார்த்தார்கள். அந்தப் பையனின் பெயரைக் கேட்டதும் வீட்டு ஆண்களுக்கு அவன் எந்தத் தெரு என்பது தெரிந்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் கணவன் மிதுன் மகளைக் காரில் ஏற்றினான். பத்து நாள் அப்பாவிடம் இருக்கட்டும், மனசு ஆறட்டும் என்றான். ஃபோனைத் தனபால் வாங்கிவைத்துக்கொண்டார். நந்திதா தினமும் கூப்பிடுவாள். தூங்குகிறாள் என்பார். குளிக்கிறாள் என்பார். மாடி அறையில் நன்றாக இருக்கிறாள் என்பார். ‘நம்ம புள்ளைய நான் கடிச்சா தின்னுபோடுவேன் அம்மணி’ என்று நேற்று சிரித்தார். நந்திதாவும் சிரித்தாள். ஃபோனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு தன் வாயில் காய்ந்த பசை போல ஒட்டிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க இப்போது உடம்பு எரிந்தது. இருபது வருடமாக இந்தக் குடும்பத்தில் அவள் விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் அடிவயிற்றில் எங்கோ கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பவன் கூப்பிட்டான். கருமத்தம்பட்டியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனபாலுக்கு எழுபதாம் வயது விழா. வரவேற்பு ஃப்ளெக்ஸ் அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள், மருமகளின் எழுத்தில்தான் வர வேண்டும் என்று தனபாலே சொல்லியிருந்தார்.

அவன் குரலில் மரியாதை இருந்தது, பொறுமை இல்லை. மூன்று தடவை அடித்துவிட்டானாம். இருபதுக்குப் பத்து, மூன்றும் வீண். திரையில் தனபாலின் பெயரும் வாழ்த்தும் சரியாக இருக்கின்றன. மெஷினில் போனால் வேறு வருகிறது. வேறு எழுத்துருவில் போட்டால் ஒழுங்காக வருகிறது.

“வேறன்னா என்ன வருதுங்க?”

பின்னால் மெஷினின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“கதவைத் திறன்னு வருதுங்க மேடம். பெருசா. அது மட்டுந்தான்” என்றான். “எங்கம்மா வேற அதுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டீங்குது. உங்களைய வரச் சொல்லுது. அதுக்கு உங்களைய ஆருன்னே தெரியாதுங்க.”

நந்திதா மிதுனிடம் போனாள். அவன் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தான். கனிஷ்காவைக் கூட்டிவரப் போகிறேன் என்றாள். விழா முடியட்டும் என்றான். இப்போதே போகிறேன் என்றாள். அவன் தலையைத் தூக்காமலே, அப்பா பேச்சை மீறிக் கூட்டிவந்தால் விழாவில் உறவுக்காரர்கள் முன்னால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று கேட்டான். அவள் குரல் உயர்ந்தது. தன் மகளைத் தன்னிடம் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனவன் என்றாள்.

மிதுன் தோசைக் கையைத் தட்டில் வைத்தான்.

“அவ ஃபோன எடுத்துப் பாத்தது ஆரு? என்ட்ட வந்து சொன்னது ஆரு? நீதான நந்து?”

கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவினாசி சாலை ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய வெறுமையோடு கிடந்தது. வைகாசி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தும் காருக்குள் அந்தப் பெயின்ட் வாடை வந்துகொண்டே இருந்தது. ஏசியிலிருந்தா, தன் விரலிலிருந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அவளுடைய எழுத்து. ஒரு பேக்கரிப் பலகை. மூன்று மாதம் முன்பு அதைப் பார்த்தபோது வண்டியை நிறுத்திப் படம் எடுத்தவள். இப்போது அதில் ஒரு ‘த’வின் சுழி அகன்றிருந்தது. நீலாம்பூர் தாண்டி ஒரு ஹாலோபிளாக் கம்பெனியின் மதிலில் நீளமான விளம்பரம். அதில் ஒரு ‘தி’ பிளந்திருந்தது. அடுத்து ஒரு மெஸ். அடுத்து ஒரு டயர்க் கடை. பிடுங்கிய வால்கள். அவள் பார்ப்பதை நிறுத்தப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவளால் படிக்காமல் இருக்க முடிவதில்லை. கண் போகிற இடமெல்லாம் வாசித்துவிடுகிறது. டயர்க் கடைப் பலகையில் டயர் என்ற சொல் இல்லை. அதற்கடுத்த பலகையிலும் கடையின் பெயர் இல்லை. அவள் சாலையின் நடுக்கோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

பவனின் கடை சந்துக்குள் இருந்தது. தரையில் மூன்றாவது ஃப்ளெக்ஸ் விரிந்து கிடந்தது, ஓர் அறை அளவுக்கு. அதில் தனபாலின் படம் இல்லை. பூமாலை இல்லை. வெள்ளையில் கறுப்பாக இரண்டே சொல். ஆளுயரம். ஈரம் மின்னியது. அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பவனின் தாய் பங்காரம்மா உட்கார்ந்திருந்தாள். எழுபதை நெருங்கிய பெண். ஒரு காலத்தில் தனபால் வீட்டுத் தறிக்குடோனில் தார்க்கட்டைகளுக்கு நூல் சுற்றியவள். நந்திதா யார் என்று மகன் சொன்னதும் அவள் எழுந்திருக்கவில்லை. ஃப்ளெக்ஸைக் கையால் காட்டினாள்.

“இது பூவாத்தா கையி.”

நந்திதா கேட்டிராத பெயர். பங்காரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பூவாத்தாள், தனபாலின் தங்கை. கூட உட்கார்ந்து நூல் சுற்றியவள். பத்தொன்பது வயதில் ஒரு தறி ஃபிட்டரோடு போனாள். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கோபியில் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். குடோனில் வைத்திருந்தார்கள். நாற்பது நாள். பின்பக்கச் சாக்கடையில் கொட்டத் தண்ணீர் கொண்டுபோகும்போது பங்காரம்மாவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரஷ் இழுபடுகிற சத்தம் கேட்கும். பூவாத்தாள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மூட்டைகளில் மார்க் போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அவளுடைய எழுத்து. நாற்பத்தொன்றாம் நாள் வயிற்று வலியில் போய்விட்டாள் என்றார்கள். விடிவதற்குள் எடுத்தாயிற்று.

“ஊருப் பேரா எழுதித் தள்ளுனா. அவளுக்குத் தெரிஞ்சதே அதுதானுங்க” என்றாள் பங்காரம்மா. “கதவத் தொறங்கன்னு எழுத அவகிட்ட எழுத்து இல்ல கண்ணு. இப்ப ஆரு குடுத்தாங்க?”

நந்திதா கீழே பார்த்தாள். ஆறு எழுத்து. முதல் எழுத்து கரூரில் இருந்தது. மற்ற ஐந்தும் சுவரில் இல்லாதவை. ஐந்தும் அவள் வரைந்தவை.

மார்க் போடப் பழகியவர்கள். ஒரு பெண் நாற்பது நாள் தனக்குத் தெரிந்த ஏழு ஊர்ப் பெயரில் கத்தியிருக்கிறாள். அந்தக் கத்தலின் சுழிவுகள் அழகாக இருக்கின்றன என்று இவள் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி எடுத்து, சொற்களைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். சுண்ணாம்பு அடித்தவர்கள் வேறு, தான் வேறு என்று சொல்லிக்கொள்ள நந்திதாவுக்கு வாய் வரவில்லை. கோபம் முதலில் தனபாலின் மேல் போனது, மிதுனின் மேல் போனது, சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நின்றது.

கிளம்பும்போது பங்காரம்மா கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை மரத்துப்போய்க் கரடுமுரடாக இருந்தது.

“அந்தக் கதவுக்கு வெளிய பூட்டில்லீங்க. வெறுந் தாப்பாள்தான். நானும் தொறக்கல” என்றாள்.

தெருவுக்குள் காரை விட்டபோதுதான் சத்தமில்லாததை உணர்ந்தாள். கருமத்தம்பட்டியில் எந்த நேரமும் தறிச் சத்தம் காற்றைப் போல இருந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாத் தறியும் நிற்கும். நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் அது ஓடும். இன்று காதுக்குள்ளும் இல்லை. உச்சி வெயிலில் தெரு வெளுத்துக் கிடந்தது. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அவளைப் பார்த்துத் தலையைத் தூக்கியது, தனபால் வீட்டு வாசலைப் பார்த்தது, எழுந்து வேறு பக்கம் போய்விட்டது.

முன்கதவு திறந்திருந்தது. கூடத்தில் டிவி ஓடியது, சத்தம் குறைத்து. தனபாலின் நாற்காலி. நாற்காலிக்குக் கீழே அவருடைய செருப்பு. சிறிய மேஜையில் பாதி குடித்த மோர், அதன் மேல் ஓர் ஈ. அவருடைய மூக்குக்கண்ணாடி தரையில் கிடந்தது. மிதிபட்டது போல ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தது.

“மாமா” என்றாள். “ஏனுங் மாமா.”

மாடிக்கு ஓடினாள். மாடி அறையில் கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையணையில் தூசு. எட்டு நாளாக அந்த அறையில் யாரும் படுக்கவில்லை. தூங்குகிறாள். குளிக்கிறாள். நன்றாக இருக்கிறாள். நந்திதா மாடி ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள்.

குடோன் கதவுக்கு வெளியே ஒரு தட்டு இருந்தது. சோறு காய்ந்து வெடித்திருந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. பின்முற்றத்துச் சிமென்ட் தரை காலைச் சுட்டது. செருப்பு எங்கேயோ போயிருந்தது. வாயில் என்னென்னவோ வார்த்தைகள் வந்தன, இருபது வருடத்தில் ஒருநாளும் சொல்லாதவை, மாமனாரின் பெயரைச் சொல்லி, மிதுனின் பெயரைச் சொல்லி. குடோன் கதவின் வெளித் தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழிட்டிருந்தது.

“கண்ணு. அம்மா வந்திருக்கேன். கதவத் தொற.”

கதவில் காதை வைத்தாள். இரும்புத் தகடு வெயிலில் கொதித்திருக்க வேண்டும். சில்லென்று இருந்தது.

உள்ளே ஒரு சத்தம். ஈரமாக. நீளமாக இழுபட்டு, நின்று, திரும்பி, மறுபடி இழுபட்டு. காய்ந்த சுவரில் முரட்டு மயிர் உரசுகிற சத்தம். பிறகு ஒரு பிடுங்கல். டப்பாவில் முக்குகிற ஒலி. சொட்டு. சொட்டு. மறுபடி இழுவை.

பதினைந்து வருடம் எழுத்தே தொழிலாக இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. எங்கே அழுத்தம், எங்கே வளைவு, எங்கே தூக்கல். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டதைப் படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு பெயர் முடிந்தது. அவளுக்குத் தெரியாத பெயர். இன்னொன்று. ஆறுச்சாமி. மிதுனின் தாத்தாவின் பெயர், செத்து முப்பது வருடம். இன்னொன்று. தனபால். அதை எழுதியபோது பிரஷ் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை இழுத்தது. சத்தமும் வேறாக இருந்தது. சுவரில் இழுப்பது போல இல்லை. இன்னும் மெத்தென்ற ஏதோ ஒன்றில். யாரோ மூக்கால் முனகினார்கள்.

மிதுன்.

நின்றது.

டப்பாவில் முக்குகிற ஒலி. சொட்டு.

இழுவை. வளைவு. கீழே ஒரு வெட்டு. மறுபடி அதே இழுவை, அதே வளைவு, அதே வெட்டு. ஒரே எழுத்து இரண்டு முறை. இரண்டாவதன் தலையில் ஒரு குத்து.

அடுத்தது அவள் ஓர் ஆவணி மாதம் முழுக்க வரைந்து வரைந்து அழித்த எழுத்து. எங்கே திரும்பும் என்று யோசித்தாளோ அங்கேயே திரும்பியது.

கடைசி எழுத்து. அதன் கால்.

அவளுடைய பெயர்.

தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே இருட்டு இல்லை. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை அடித்த சுவர் என்று சொல்ல ஓர் அங்குலம் இல்லை. நான்கு சுவரும், தூணும், கதவின் உட்புறமும், கை எட்டாத உயரத்தில் கூரைத் தகடும், எல்லாம் கறுப்பு. ஊர்ப் பெயர்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. இப்போது எல்லாம் சொற்கள். கையைக் கட்டியது யார். வாயில் கழிவுப் பஞ்சு திணித்தது யார். தம்ளரைப் பிடித்தது யார், அதில் என்ன இருந்தது, எத்தனை மணி நேரம் ஆனது. வெளியில் நின்று பேசிக்கொண்டிருந்தது யார். தண்ணீர் கொண்டுவந்துவிட்டுத் திறக்காமல் போனது யார். முற்றுப்புள்ளி இல்லாமல், தெளிவாக, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.

தனபால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியனிலும் வேட்டியிலும் எழுத்து. கழுத்தில், நெற்றியில், காது மடலில். மூடிய கண்ணிமைகளின் மேல். வாய் அகலத் திறந்திருந்தது, தாடை இறங்கி நின்றது. நாக்கை வெளியே நீட்டியிருந்தார். நாக்கு கறுப்பாக இருந்தது. அதன் மேல் பொடியாக, வரிவரியாக. நுனியிலிருந்து எச்சிலோடு மை சொட்டியது. நெஞ்சு ஏறி இறங்கியது. இமைகளுக்கு அடியில் விழிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கனிஷ்கா அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாராமல் சிக்காக இருந்தது. உடம்பில் ஒரு பொட்டு மை இல்லை. இரண்டு கையும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

பிரஷ் சத்தம் நிற்கவில்லை.

“வா கண்ணு. போலாம் வா” என்றாள் நந்திதா. கையை நீட்டினாள்.

“எட்டு நாள் கூப்பிட்டேன்மா.” கனிஷ்காவின் குரலில் அழுகை இல்லை. களைத்த, கோபம் தீர்ந்த குரலும் இல்லை. கோபம் அப்போதுதான் தொடங்குகிற குரல். “யாரு வந்தாங்கன்னு நெனைக்கற?”

நான் என்ன பண்ணுவேன், எனக்கு மாடி அறை என்றுதான் சொன்னார்கள் என்று சொல்ல நந்திதா வாயெடுத்தாள். மகளின் ஃபோனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த கை அவளுடைய கண்முன் வந்தது.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தட்டிய சத்தம்கூட இல்லை. யாரோ பொறுமையாகத் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டார்கள். டப்பாவில் முக்குகிற ஒலி, இப்போது மிக அருகில். மண்ணெண்ணெய் வாடை மூச்சை அடைத்தது. முகத்துக்கு முன்னால் காற்றைத் தவிர எதுவும் இல்லை. அந்தக் காற்றிலிருந்து ஒரு சொட்டு அவளுடைய காலில் விழுந்தது. இன்னொரு சொட்டு.

ஈர மயிர்கள் அவளுடைய கீழுதட்டைத் தொட்டன.

கனிஷ்கா அருகில் வந்து, காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, இரண்டு கையாலும் அம்மாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்துவைத்தாள்.